நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பிய பிறகு கண்காணிக்க ஆளில்லை என்றால் பொறுப்பு யாருக்கு? கேள்வி பதில்

மனநலம் பாதிக்கப்பட்டவரைச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்த நாளில் பெரும்பாலும் எந்தச் சிக்கலும் இருப்பதில்லை. சிக்கலெல்லாம் அதற்குப் பிந்தைய மாதங்களில்தான். மருத்துவமனை அறிக்கை அனுப்பாது. வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போகும். ஜாமீன் உறுதிமொழி கொடுத்த அண்ணன் வேலை தேடி வெளியூர் போயிருப்பார், மாத்திரை நின்றுபோயிருக்கும். ஒருநாள் விபரீதம் நடந்த பிறகுதான் "யார் பார்த்திருக்க வேண்டும்?" என்ற கேள்வி எழும்.

இந்தியச் சட்டத்தில் இதற்குப் பதில் உண்டு. யார், யாருக்கு, எத்தனை நாளில் எழுத வேண்டும் என்று பல இடங்களில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். எழுதப்படாத அறிக்கை எதுவென்று கண்டுபிடித்தால் பொறுப்பாளியையும் கண்டுபிடித்துவிடலாம். இங்கே உள்ள பதில்கள் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஐயும், 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவையும் (இனி பிஎன்எஸ்எஸ்) அடிப்படையாகக் கொண்டவை. பழைய பிரிவு எண்களிலேயே பழகியவர்களுக்கு: பழைய 330 இப்போது 369, பழைய 335 இப்போது 374. கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் எண்களில் 369, 370, 374 ஆகியவை பிஎன்எஸ்எஸ் பிரிவுகள், மற்றவை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவுகள்.

நீதிமன்றம் உத்தரவிட்ட சிகிச்சை என்று எவற்றைச் சொல்கிறோம்?

நடைமுறையில் நான்கு வகை. முதல் வகையில் குற்ற வழக்கே இருக்காது. தெருவில் திரிந்தவரையோ வீட்டில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவரையோ மாஜிஸ்திரேட் முன் கொண்டுவருவார்கள், அவர் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 102-ன் கீழ் உத்தரவிடுவார். இரண்டாவது, வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை என்று தெரிந்து, புறநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி ஜாமீனில் விடுவது. இது பிஎன்எஸ்எஸ் 369(1). மூன்றாவது, அதே நிலையில் உள்ளவரை ஜாமீனில் விடாமல், தொடர்ந்து மனநல சிகிச்சை கிடைக்கும் இடத்தில் வைப்பது, 369(2). நான்காவது, செயலைச் செய்தவர் அவர்தான், ஆனால் அப்போது சித்தசுவாதீனம் இல்லை என்று விடுதலை செய்து, பிரிவு 374-ன் கீழ் பாதுகாப்பான இடத்திலோ உறவினர் பொறுப்பிலோ ஒப்படைப்பது.

யார் கண்காணிக்க வேண்டும் என்பது வகைக்கு வகை வேறு. ஆகவே முதலில் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, எந்தப் பிரிவின் கீழ் போட்டது என்று பாருங்கள். "சிகிச்சைக்கு அனுப்பினார்கள்" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுகூட எழுத முடியாது.

பிரிவு 102-ன் கீழ் அனுப்பப்பட்டவரை எத்தனை நாள் வைக்கலாம்? அறிக்கை யார் அனுப்ப வேண்டும்?

மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டு வழிகள். அரசு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். அல்லது மதிப்பீட்டுக்காக 10 நாளுக்கு மிகாமல் அனுமதிக்கச் சொல்லலாம். மதிப்பீட்டுக் காலம் முடிந்ததும் பொறுப்பு மருத்துவர் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும். அதன் பிறகு மற்ற நோயாளிகளைப் போலவே அவரும் இந்தச் சட்டப்படி நடத்தப்பட வேண்டும். தங்க விருப்பமும் முடிவெடுக்கும் திறனும் இருந்தால் சுயவிருப்ப நோயாளி. அதிக உதவி தேவைப்பட்டால் பிரிவு 89-ன் கீழ் அதிகபட்சம் 30 நாள். அதற்கும் மேல் தேவையென்றால் பிரிவு 90-ன் கீழ் முதலில் 90 நாள், பிறகு 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள். பிரிவு 89 அனுமதியை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (நோயாளிகளின் மனுக்களை விசாரிக்க இந்தச் சட்டம் ஏற்படுத்திய அமைப்பு) 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்களும் 18 வயதுக்குட்பட்டவர்களும் என்றால் 3 நாளுக்குள். பிரிவு 90 அனுமதி சரியா என்று வாரியம் 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதிகம் தவறுவது 11-வது நாளில்தான். "கோர்ட் அனுப்பினது, கோர்ட் ஆர்டர் இல்லாம டிஸ்சார்ஜ் பண்ண முடியாது" என்று வார்டில் சொல்வார்கள். இது பழைய 1987-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் பழக்கம். பிரிவு 102-ல் வந்தவரை வீட்டுக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டின் மறு உத்தரவு வேண்டும் என்று இப்போதைய சட்டம் கேட்கவில்லை, அறிக்கைதான் கேட்கிறது. 10 நாள் தாண்டிய பின்னும் 89, 90 என எந்தப் பிரிவின் கீழும் பதிவு செய்யாமல் ஒருவரை வைத்திருந்தால், அது சட்ட ஆதாரமில்லாத அடைப்பு. பொறுப்பு மருத்துவமனையின் தலைமை மருத்துவருடையது.

குற்ற வழக்கில் மருத்துவமனையில் வைக்கப்பட்டவருக்கு யார் அறிக்கை அனுப்ப வேண்டும்?

பிரிவு 103(5)-ஐ நினைவில் வையுங்கள். குற்றவியல் நீதிமன்ற உத்தரவுப்படி மருத்துவமனையில் உள்ளவரின் உடல், மன நிலை பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உத்தரவிட்ட அதிகாரத்துக்குப் பொறுப்பு மருத்துவர் சிறப்பு அறிக்கை அனுப்பியாக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு. மூன்று ஆண்டு இருந்தவரின் நீதிமன்றக் கோப்பில் ஆறு அறிக்கைகள் இருக்க வேண்டும். வழக்குக் கட்டைப் பார்வையிட மனுப் போட்டு எண்ணுங்கள். குறைந்தால், எந்தத் தேதியில் வர வேண்டியது வரவில்லை என்று அட்டவணை போடுங்கள். பிறகு நீங்கள் போடும் எந்த மனுவுக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் முதுகெலும்பு.

சிறையிலும் இதுபோல் ஒன்று உண்டு. மனநலப் பாதிப்புள்ள கைதிகள் யாரும் தன் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று தர வேண்டும். வாரியம் சிறைக்கே போய், ஏன் ஒருவரை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். மனநோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும் கைதி உள்ளே இருக்கும்போதே "யாரும் இல்லை" என்று சான்று போயிருந்தால், அது அந்த அதிகாரிக்கு எதிரான நேரடி ஆவணம்.

369(2), 374 ஆகியவற்றின் கீழ் எடுத்த நடவடிக்கையை நீதிமன்றமும் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் "எங்களுக்குத் தெரியாது" என்று அரசு சொல்ல இடமில்லை.

ஜாமீனில் வெளியே வந்து ஓபியில் சிகிச்சை பெறுகிறார். இவரை யார் கண்காணிக்க வேண்டும்?

சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். உள்நோயாளி சிகிச்சை தேவையில்லை என்றால், ஜாமீனில் விடக்கூடாத வழக்காக இருந்தாலும் 369(1)-ன் கீழ் விடலாம். ஒரு நிபந்தனை: அருகிலுள்ள மருத்துவமனையில் தவறாமல் புறநோயாளி சிகிச்சை பெற வைப்பேன், அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ உறுதிமொழி தர வேண்டும். அவர் ஓபிக்குப் போனாரா என்று யார் சரிபார்ப்பது, எப்போது சரிபார்ப்பது என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. மருத்துவமனைக்கு அந்த உத்தரவின் நகல்கூடப் போகாது. அங்கே அவர் நூற்றுக்கணக்கான ஓபி நோயாளிகளில் ஒருவர். இரண்டு மாதம் வரவில்லை என்றாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்காக மருத்துவமனையைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்த பிரிவில் ஒரு பிடிமானம் இருக்கிறது. 370-ன்படி, விடுவிக்கப்பட்டவரை ஜாமீன்தாரர்கள் கொண்டுபோய்க் காட்ட ஓர் அதிகாரியை நீதிமன்றம் நியமிக்கலாம். வழக்கை எதிர்கொள்ளும் நிலைக்கு அவர் வந்துவிட்டார் என்று அந்த அதிகாரி கொடுக்கும் சான்றைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்கும் வழக்கறிஞர்கள் குறைவு. கேளுங்கள்.

அப்படியானால் உத்தரவில் என்னென்ன எழுதச் சொல்லிக் கேட்பது?

"தொடர்ந்து சிகிச்சை பெற வேண்டும்" என்ற வரி மட்டும் இருந்தால் யாரையும் பொறுப்பாக்க முடியாது. ஜாமீன் மனுவோடு ஒரு பக்க சிகிச்சைத் திட்டத்தையும் தாக்கல் செய்து, அதையே உத்தரவின் பகுதியாக்கும்படி கேட்பது நல்ல வழி. மருத்துவமனையின் பெயர், மனநலப் பிரிவு ஓபி நடக்கும் கிழமை, முதல் முறை போக வேண்டிய தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். உத்தரவின் நகலை மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நீதிமன்றமே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி அவசியம், இல்லாவிட்டால் உத்தரவே தெரியாது என்று பின்னால் சொல்லிவிடலாம். குறித்த நாளிலிருந்து 7 நாளுக்குள் நோயாளி வரவில்லை என்றால் யார், யாருக்குத் தகவல் தருவது என்பதும் வேண்டும். அது மருத்துவமனையின் மனநல சமூகப் பணியாளராக இருக்கலாம், மாவட்ட மனநலத் திட்டக் குழுவாக இருக்கலாம். பதவியைக் குறிப்பிட்டால் போதும், ஆள் பெயர் போட்டால் இடமாற்றத்தோடு போய்விடும்.

ஓபி சீட்டின் நகலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறவினர் தாக்கல் செய்யட்டும். நோயின் விவரம் முழுவதும் வேண்டாம். வந்தார், மருந்து வாங்கினார், அடுத்த தேதி இது என்பது போதும். முழு கேஸ் ஷீட்டையும் கேட்டால் பிரிவு 23 தரும் இரகசிய உரிமை அடிபடும், மருத்துவமனையும் தயங்கும்.

உறுதிமொழி கொடுத்தவர் இறந்தாலோ, ஊர் மாறினாலோ, நோயாளி அவரோடு இல்லை என்றாலோ 15 நாளுக்குள் நீதிமன்றத்தில் மெமோ (எழுத்துமூலத் தகவல்) போட்டு மாற்று ஆளைக் காட்ட வேண்டும் என்பதையும் சேருங்கள். கண்காணிப்பு அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உறுதிமொழி கொடுத்தவர் சிகிச்சைக்கு அழைத்துப் போகவில்லை. அவருக்கு என்ன ஆகும்?

பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் பிஎன்எஸ்எஸ் 491-ன் கீழ் அது பறிமுதலாகலாம். பத்திரத்தில் உள்ள தொகையை ஏன் கட்டக்கூடாது என்று நோட்டீஸ் வரும். கட்டவில்லை, வசூலிக்கவும் முடியவில்லை என்றால் ஜாமீன்தாரரை 6 மாதம் வரை சிவில் சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் அதிகாரம் உண்டு. முயற்சி செய்ததைக் காட்ட முடிந்தவருக்கு இந்தத் தள்ளுபடி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நீதிமன்றத்துக்குத் தந்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவது 1971-ம் ஆண்டுச் சட்டப்படி சிவில் அவமதிப்பு. கீழமை நீதிமன்ற உத்தரவு என்றாலும் நடவடிக்கை எடுப்பது உயர் நீதிமன்றம்தான், அதுவும் ஓராண்டுக்குள். "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏழ்மையாலோ, நோயாளி ஒத்துழைக்காததாலோ நடக்காமல் போனது அவமதிப்பு ஆகாது.

அவரே மாத்திரை சாப்பிட மறுக்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

உறுதிமொழி உங்களைத்தான் கட்டுகிறது, நோயாளியின் வாயில் மாத்திரையைத் திணிக்க உங்களுக்கு அதிகாரம் தரவில்லை. வீட்டில் இருப்பவருக்குக் கட்டாயமாக மருந்து கொடுக்க உத்தரவிடும் ஏற்பாடு நம் சட்டத்தில் கிடையாது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அவருக்குத் தெரியவரும் நாளில் சிகிச்சையின் மீதிருந்த மிச்ச நம்பிக்கையும் போய்விடும்.

நிறுத்திய அந்த வாரமே ஓபிக்குப் போய், நோயாளி வராவிட்டாலும், "மருந்து எடுப்பதில்லை என்று உறவினர் தெரிவித்தார்" என்று சீட்டில் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதில் இரண்டு வாரம் அல்லது மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு அவர் சம்மதிப்பாரா என்றும் கேளுங்கள், பலர் சம்மதிக்கிறார்கள். வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்துக்கு மெமோ போடுங்கள். இந்த இரண்டு தாள்களும் இருந்தால் பின்னால் உங்கள் மீது பழி வருவது கடினம்.

நிலைமை முற்றினால் மூன்று வழிகள். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் பிரிவு 94-ன் கீழ் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம், அதிகபட்சம் 72 மணி நேரம். பிரிவு 89 அனுமதிக்கு நோயாளியின் நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயங்களில் அவர் சார்பில் நிற்க நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பிக்கலாம்; ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துச் சான்று தர வேண்டும். ஆள் கட்டுக்கு மீறிப்போனால் காவல் நிலையம்: பிரிவு 100-ன்படி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது. "வீட்டு விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால், புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மறுத்தால் எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

அவர் யாரையாவது தாக்கிவிட்டால் குடும்பம் நஷ்டஈடு கட்ட வேண்டுமா?

வயது வந்த ஒருவர் செய்ததற்கு, இரத்த சம்பந்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் குடும்பம் பொறுப்பாகாது. உறுதிமொழி கொடுத்தவருக்குப் பிணைத்தொகைப் பொறுப்பு உண்டு. அதற்கு மேல் கேட்க வேண்டுமானால், ஆபத்து வருவது தெரிந்தும் அவர் செய்யக்கூடியதைச் செய்யவில்லை, அதனால்தான் காயம் ஏற்பட்டது என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும். மருந்து நின்று மூன்று மாதம், அக்கம்பக்கத்தார் இரண்டு முறை எச்சரித்தார்கள், யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் வழக்குக்கு உயிர் இருக்கிறது. மெமோவும் ஓபி சீட்டும் இருந்தால் பெரும்பாலும் இல்லை.

விடுதலையாகி உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டவருக்கும் இதே விதிதானா?

இன்னும் இறுக்கமானது. பிரிவு 374-ன்படி உறவினர் விண்ணப்பித்து, பிணை கொடுத்தால்தான் ஒப்படைப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தீங்கு நடக்காமல் தடுக்க வேண்டும், அதோடு மாநில அரசு குறிப்பிடும் அதிகாரி முன், குறிப்பிடும் நேரத்திலும் இடத்திலும் ஆளைக் காட்ட வேண்டும். அந்த அதிகாரி யார் என்று உத்தரவில் இல்லாவிட்டால் உள்துறைச் செயலருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கான தபால் ரசீது உங்களிடம் இருக்கும்.

மருத்துவர் எப்போது பொறுப்பாவார்?

நோயாளி குணமாகவில்லை என்பதற்காகவோ, வெளியே போய்த் தவறு செய்தார் என்பதற்காகவோ மருத்துவர் பொறுப்பாவதில்லை. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் எடுக்கும் கவனத்தை எடுத்தாரா என்பதே அளவுகோல். குற்ற வழக்குக்கு இதுவும் போதாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும், நடவடிக்கைக்கு முன் அதே துறையிலுள்ள நடுநிலையான மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் சொன்னது. நல்லெண்ணத்தில் செய்ததற்கு மனநலப் பராமரிப்புச் சட்டமே பாதுகாப்பும் தருகிறது.

கண்காணிப்பின்மை தெளிவாகக் கவனக்குறைவாக மாறும் ஓர் இடத்தைச் சொல்கிறோம். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் கொடுப்பார்கள். அதன் இரத்த அளவு லிட்டருக்கு சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பலன், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. இடைவெளி அவ்வளவு குறுகலானது. தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் சில நாள் கழித்து, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் சென்று இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு நிலைபெற்ற பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கூடவே சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகள். வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினாலும், சில வலி மாத்திரைகள் சேர்ந்தாலும் அளவு ஏறும். கை பெரிதாக நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். சிறையிலோ வார்டிலோ அதைப் "பழைய நோய்" என்று விட்டுவிடுவார்கள். எட்டு மாதம் லித்தியம் சாப்பிட்டவரின் கேஸ் ஷீட்டில் ஓர் இரத்தப் பரிசோதனை முடிவுகூட இல்லை என்றால், எந்த நிபுணரிடம் காட்டினாலும் தவறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்று டிஸ்சார்ஜ். பிரிவு 98-ன்படி நோயாளியோடும், அவர் தங்கப்போகும் வீட்டாரோடும், இனிப் பார்க்கப்போகும் மனநல மருத்துவரோடும் பேசித் திட்டம் போட வேண்டும். பத்து நாள் மாத்திரையோடு பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருவது திட்டம் அல்ல.

ஆபத்து வரும் என்று தெரிந்தால் மருத்துவர் மற்றவரை எச்சரிக்க வேண்டுமா?

பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தகவலை வெளியிடப் பிரிவு 23 அனுமதிக்கிறது. அது அனுமதி, கட்டாயம் அல்ல. அமெரிக்காவில் டாரசாஃப் வழக்குக்குப் (1976) பிறகு வந்த எச்சரிக்கும் கடமையை அப்படியே இங்கே எடுத்து வாதிட முடியாது.

நீதிமன்றம் அனுப்பிய தனியார் இல்லம் பதிவே பெறவில்லை என்றால்?

பதிவில்லாமல் நடத்துவதே பிரிவு 107-ன் கீழ் தண்டத்துக்குரியது: முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய், இரண்டாம் முறை 2 லட்சம் வரை, அதற்கும் பிறகு 5 லட்சம் வரை. ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். இன்று எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 தடை செய்கிறது. உத்தரவுக்கு முன்பே அந்த இல்லத்தின் பதிவுச் சான்றை மாநில மனநல ஆணையத்திடம் சரிபார்க்கக் கேளுங்கள். அது அரசு வழக்கறிஞரின் வேலையும்கூட.

அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

முடியும். அடிப்படை உரிமை மீறலுக்கு ரிட் மனுவிலேயே இழப்பீடு தரலாம் என்பதற்கு வழிகாட்டியாக நிற்பது ருதுல் ஷா எதிர் பீகார் அரசு வழக்கு (1983). அவர் 1968-ல் விடுதலையாகியும் 1982 வரை சிறையில் இருந்தார். சித்தசுவாதீனம் இல்லாததால் வைத்திருந்தோம் என்றது அரசு. யார் பரிசோதித்தார், எப்போது, என்ன சிகிச்சை கொடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்கு உருப்படியான ஆவணம் எதுவும் வரவில்லை. ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொகை சிறியது, ஆனால் சிகிச்சைக்காக வைத்தோம் என்பவர் சிகிச்சையைக் காட்ட வேண்டும் என்ற நிலைப்பாடு இன்றும் பயன்படுகிறது.

அசாமில் 1951-ல் கைதான ஒருவர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை சொன்ன பிறகும் விசாரணை நடக்கவில்லை, வேறு சிறைக்கு மாற்றினார்கள். வெளியே வந்தது 2005-ல். 54 ஆண்டு. அவருக்கு 3 லட்சம் ரூபாயும் மாதம் 1,000 ரூபாயும் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேறிவிட்டார் என்ற அந்தத் தகவலைக் கையில் எடுத்து நீதிமன்றத்தில் முன்வைக்க ஒரே ஒருவர் இருந்திருந்தால் அந்த வழக்கு 1967-லேயே முடிந்திருக்கும்.

மாஜிஸ்திரேட் மீதே வழக்குப் போடலாமா?

நீதிபணியில் செய்ததற்கு அவர் மீது தனிப்பட்ட முறையில் வழக்குப் போட முடியாது, 1850, 1985 ஆண்டுச் சட்டங்கள் தடுக்கின்றன. உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பு அதிகாரத்தை நாடி, மறந்துபோன உத்தரவை மறுபடியும் எடுக்க வைக்கலாம்.

எங்கே புகார் செய்வது?

நோயாளி இன்னும் உள்ளே இருந்தால் முதலில் மறுஆய்வு வாரியம். தலைவர் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவர். நோயாளியோ நியமனப் பிரதிநிதியோ, நோயாளியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமோ மனுத் தரலாம், கட்டணம் கிடையாது. பிரிவு 89 அனுமதியை எதிர்த்த மனுவை 7 நாளிலும், மற்ற மனுக்களைப் பொதுவாக 90 நாளிலும் முடிக்க வேண்டும். வாரியத்தின் உத்தரவை மதிக்காத மருத்துவமனைக்கு மாநில மனநல ஆணையம் 5 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதித்துப் பதிவையும் இரத்து செய்யலாம். வாரிய முடிவை எதிர்த்து 30 நாளில் உயர் நீதிமன்றம். சட்டத்தை மீறிய தனிநபருக்குப் பிரிவு 108-ன் கீழ் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் நஷ்டஈடு கொடுக்கும் அதிகாரத்தை வாரியத்துக்குச் சட்டம் தரவில்லை. பணம் கேட்பதற்கு ரிட், சிவில் வழக்கு, கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. விசாரணைக் கைதி மருத்துவமனையில் இறந்தாலும் அது காவலில் நேர்ந்த மரணமே. பிஎன்எஸ்எஸ் 196-ன் கீழ் மாஜிஸ்திரேட் விசாரணை கேளுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை.

மனநல மருத்துவமனையில் காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு இல்லாமலேயே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அந்த உரிமையைச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட், காவல் அதிகாரி ஆகியோரின் கடமை என்று பிரிவு 27 சொல்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416.

எந்தெந்த ஆவணங்களை எடுத்து வைக்க வேண்டும்?

உத்தரவு, உறுதிமொழிப் பத்திரம், நீதிமன்றக் கோப்பில் உள்ள அறிக்கைகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள். மருத்துவமனையிலிருந்து கேஸ் ஷீட், மருந்து கொடுத்த பதிவு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. தன் பதிவைப் பார்க்க நோயாளிக்குப் பிரிவு 25-ன் கீழ் உரிமை உண்டு, மருத்துவர்களின் நடத்தை விதிப்படி கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். விபரீதம் நடந்தவுடனே கேளுங்கள், பிறகு கேட்டால் "கோர்ட்டுக்குப் போயிருக்கிறது" என்பார்கள். சிறையும் அரசு அலுவலகமும் என்றால் தகவல் உரிமைச் சட்டம். சாதாரணமாக 30 நாள். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியது என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதினால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. மரணத்துக்கான இழப்பீட்டுக்கு 2 ஆண்டு. சட்டவிரோத அடைப்புக்கு ஓராண்டுதான். ஒரு சட்டத்தின்படி செய்ததாகவோ செய்யாமல் விட்டதாகவோ சொல்லப்படும் செயலுக்கும் ஓராண்டுதான். அறிக்கை அனுப்பாததற்கு அரசு மீது போடும் வழக்கு இந்த வரையறைக்குள் வந்துவிடலாம், எனவே மூன்று ஆண்டு இருக்கிறது என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசு மீது சிவில் வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் கட்டாயம், அந்த நாட்கள் வரம்புக் கணக்கில் சேராது. வழக்குப் போடும் உரிமை எழுந்த நேரத்தில் நோயாளி சித்தசுவாதீனமில்லாத நிலையில் இருந்தால், வரம்புச் சட்டம் பிரிவு 6-ன்படி அவர் தேறிய பிறகுதான் அவருக்குக் காலம் ஓடத் தொடங்கும். இந்தச் சலுகை நோயாளிக்கு மட்டும்தான். அவரால் காயம்பட்டவருக்கும், தம் பெயரில் வழக்குப் போடும் பெற்றோருக்கும் கிடையாது.